கொல்லைக் காய்கறியும் ஆப்பிரிக்க நத்தையும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதசுவாமிக்குப் படைக்கப்படுபவை புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய். வடித்த சோற்றைச் சூடு ஆறுமுன் படைகல்லில் பரப்பி, எழுகின்ற ஆவியையே நிவேதனமாகக் கொள்வது இக்கோயிலின் மரபு. மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை எனப் போற்றப்படும் இத்தலத்தில், சுவாமிக்கு உரிய கறிகள் இரண்டும் ஓர் எளிய வீட்டின் கொல்லையிலேயே கிடைக்கக்கூடியவை என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விரண்டையும் கொல்லையில் வளர்ப்பவர்களுக்கு மழைக்காலத்தில் வரும் தொல்லை நத்தை. புதுக்கோட்டை மாவட்டம் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள பகுதி. புரட்டாசிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் வலுக்கும் இம்மழையில் மண் ஈரமாகி, இரவுகள் குளிர்ந்து, நத்தைகள் வெளியே வருகின்றன. அந்தச் சமயத்தில் முளைவிட்ட தண்டங்கீரைப் பாத்தி ஒரே இரவில் மொட்டையாகிவிடும். பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றின் இளங்கன்றுகள் தண்டோடு அறுபட்டுக் கிடக்கும். காலையில் எஞ்சுவது வெயிலில் பளபளக்கும் கோழைத் தடம் மட்டுமே.

இந்தத் தொல்லை முழுவதும் பழங்காலத்திலிருந்து வந்ததன்று. அதன் பெரும்பகுதிக்கு ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நத்தை தானாக ஊர்ந்து கடந்த தூரம் மிகச் சிறிது. மற்றதெல்லாம் மனிதர் கையிலேறிச் சென்றது.

நந்தும் வந்தேறியும்

நத்தை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பழந்தமிழில் அதற்கு ‘நந்து’ என்று பெயர். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தும்போது, தொடுவுணர்வும் சுவையுணர்வும் கொண்ட ஈரறிவுயிராக நந்தைக் குறிக்கிறது. இன்றைய விலங்கியல் இதனோடு மோப்பத்தையும் சேர்க்கும். நத்தையின் தலையிலுள்ள உணர்கொம்புகள் வாசனையை அறிய வல்லவை. இரவில் அது உணவைத் தேடிச் செல்வது பெரும்பாலும் மோப்பத்தால்தான். இதை நினைவில் வைத்துக்கொள்வது கொல்லைக்காரருக்குப் பின்னால் உதவும்.

தமிழ்நாட்டில் இயல்பாக வாழும் நில நத்தைகளில் பரவலாகத் தென்படுவது கிரிப்டோசோனா பைஸ்ட்ரியாலிஸ் என்பது. தட்டையாகச் சுருண்ட, வெளிர்நிற ஓடு கொண்டது. இதுவும் செடியைக் கடிக்கும்; ஆனால் உருவத்தில் சிறியது. ஓடில்லாத நத்தைகளும் உண்டு. பகலில் செங்கல்லுக்கு அடியிலும் பூந்தொட்டிக்குக் கீழும் ஒட்டிக் கிடக்கும் கருத்த, தட்டையான உயிரைப் பலர் அட்டை என்று எண்ணிவிடுவர். அட்டை இரத்தம் உறிஞ்சுவது. இதுவோ இலை தின்பது. வயலிலும் குளத்திலும் வாழும் பெரிய உருண்டை நத்தை வேறோர் இனம். நத்தைகுத்தி நாரைக்கு இரையாவது அதுதான். ஊர்ப்புறங்களில் சமைத்து உண்ணப்படுவதும் அதுவே. கொல்லைக் காய்கறிக்கு அதனால் கெடுதல் இல்லை.

இவற்றையெல்லாம் விஞ்சியது ஆப்பிரிக்கப் பெருநத்தை. நெடுங்காலம் அகட்டினா ஃபுலிகா என்று வழங்கப்பட்ட இதன் இன்றைய அறிவியல் பெயர் லிசகட்டினா ஃபுலிகா. பழுப்பு நிறத்தில் கீற்றுக் கீற்றாகக் கோடுகள் ஓடும், கூம்பு போன்ற நீண்ட ஓடு இதன் அடையாளம். நன்கு வளர்ந்தால் ஓடு 20 செ.மீ. நீளத்தைக்கூட எட்டும். ஏறத்தாழ 500 வகைத் தாவரங்களை இது உண்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒரே உடலில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால், இணைசேரும் எந்த நத்தையும் முட்டையிடும். ஓர் ஈட்டில் 100 முதல் 400 வரை, ஓராண்டில் 1,200 வரை முட்டைகள். ஏறக்குறைய ஆறு மாதத்தில் குஞ்சு தானே முட்டையிடும் பருவத்தை அடைகிறது. ஐந்தாறு ஆண்டுகள் உயிர்வாழ்கிறது. வறட்சி வந்தால் ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். கோடையில் நத்தையே இல்லை என்று நினைத்திருந்த கொல்லையில், முதல் மழைக்கு மறுநாள் நூறு நத்தை திரிவதன் காரணம் இதுதான்.

மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்கு

இந்நத்தையின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை. அங்கிருந்து மடகாஸ்கர், மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளுக்கு அது 1800களின் தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ரீயூனியன் தீவின் ஆளுநர் ஒருவர், நோயுற்ற தம் அன்புக்குரியவளுக்கு நத்தைச் சாறு வைத்துக் கொடுக்க இதை வரவழைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், நெஞ்சுச் சளிக்கு நத்தைச் சாறு மருந்து என்ற நம்பிக்கை அக்காலப் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது உண்மை.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹென்றி பென்சன். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடிமைப் பணியில் இருந்த அவருக்கு நத்தை ஓடுகளைத் திரட்டி ஆராய்வதில் பெரும் ஈடுபாடு. இந்திய நில நத்தைகள் பலவற்றுக்கு முதன்முதலாக அறிவியல் விளக்கம் எழுதியவர் அவர். 1847இல் மொரீசியஸ் வழியாகத் திரும்பியபோது சில உயிருள்ள நத்தைகளைக் கையோடு எடுத்துவந்தார். அவை கல்கத்தாவின் சௌரங்கிப் பகுதித் தோட்டத்தில் விடப்பட்டன. பின்னர் அவை அங்கே நிலைகொண்டதைப் பற்றி அவரே ஓர் ஆய்விதழில் எழுதினார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தாரென்று யாரும் சொல்ல முடியாது. வேற்றுநாட்டு உயிரை ஓரிடத்தில் விட்டால் என்ன ஆகும் என்ற கவலை அந்தக் காலத்து அறிஞர்களுக்கே இல்லை. மாறாக, புதிய செடியையும் விலங்கையும் ஓர் ஊருக்குப் பழக்குவது பெருமைக்குரிய செயலாகக் கருதப்பட்டது.

அடுத்த அடி இலங்கையில் விழுந்தது. 1900ஆம் ஆண்டில் ஆலிவர் கொலெட் என்ற நத்தையியல் ஆர்வலர் கல்கத்தாவிலிருந்து சில நத்தைகளைப் பெற்று, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் விட்டார். பத்தே ஆண்டுகளில் அது தென்மேற்குக் கரையிலுள்ள களுத்துறைப் பகுதியில் கூட்டங்கூட்டமாகப் பெருகியிருந்தது. அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற தமிழர்களில் பெரும் பகுதியினர் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். லயத்தின் பக்கத்தில் கையளவு நிலத்தில் கீரையும் அவரையும் போட்டுக்கொண்ட அந்தக் குடும்பங்களின் பாத்திகளை இந்நத்தை எப்படி நடத்தியிருக்கும் என்பதைப் பற்றி அக்கால அறிக்கைகளில் தேடுவது வீண். அவற்றின் கவலையெல்லாம் தோட்டப் பயிர்களைப் பற்றியது.

இலங்கைக்குப் பின் மலாயா, சிங்கப்பூர், போர்னியோ. 1930களில் ஜப்பானியர் உணவுக்காக இதைத் தைவானுக்குக் கொண்டுசென்றனர். 1936இல் ஹவாய் சென்றது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியப் படையினரோடு பசிபிக் தீவுகளுக்கும் நமது அந்தமானுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தப் பயணம் முழுவதையும் ஆல்பர்ட் மீட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1961இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகத் தொகுத்துள்ளார்.

எத்தனை சிறிய தொடக்கம் போதும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சான்று. 1966இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளை மயாமிக்குக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழாண்டில் அங்கு 18,000க்கு மேற்பட்ட நத்தைகள் திரட்டப்பட்டன. பத்து லட்சம் டாலர் செலவில் 1975இல்தான் ஒழித்து முடித்தார்கள். 2011இல் மயாமியில் மறுபடியும் தலைகாட்டியது. இம்முறை பயிற்சி பெற்ற மோப்ப நாய்களையும் ஈடுபடுத்தி, பத்தாண்டுகளில் 1,68,000க்கு மேல் பொறுக்கி, 2021இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மறு ஆண்டே அதே மாநிலத்தின் வேறொரு பகுதியில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

முள்ளை முள்ளால் எடுக்கப்போய்

இந்நத்தையை ஒழிக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளில் மிகப் பெரிய தவறு 1950களில் ஹவாயில் தொடங்கியது. நத்தையைத் தின்னும் நத்தையைக் கொண்டுவந்தால் என்ன என்று எண்ணி, 1955இல் புளோரிடாவிலிருந்து யூக்ளாண்டினா ரோசியா என்ற ஊனுண்ணி நத்தையை இறக்கினார்கள். அது பெருநத்தையைத் தேடிப் போகவில்லை. எளிதாகக் கிடைத்த சிறிய உள்நாட்டு மரநத்தைகளைத் தின்னத் தொடங்கியது. 1977இல் இதையே பிரெஞ்சுப் பாலினீசியாவின் மூரேயா தீவிலும் விட்டார்கள். அங்கே பார்டுலா என்ற பேரினத்தில் ஏழு வகை நத்தைகள் இருந்தன. உலகில் வேறெங்கும் இல்லாதவை. பத்தாண்டு முடிவதற்குள் ஏழும் காட்டிலிருந்து மறைந்துவிட்டன. லண்டன் முதலிய விலங்குக்காட்சிச் சாலைகளில் முன்கூட்டியே எடுத்து வளர்க்கப்பட்ட சிலவே மிஞ்சின. ஹவாயின் அகட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா இனத்தின் கடைசி நத்தை ‘ஜார்ஜ்’ என்ற பெயரோடு ஆய்வுக்கூடத்தில் தனியே வாழ்ந்து, 2019 சனவரி முதல் நாள் இறந்தது. ஆப்பிரிக்கப் பெருநத்தையோ இன்றும் அத்தீவுகளில் நலமாக இருக்கிறது.

இயற்கைப் பகைவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். செம்போத்து இந்நத்தையைக் கொத்தி உண்ணும் பறவை. இலங்கையில் ஒருவகை மின்மினியின் புழு, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய நத்தையைத் தாக்கி உண்பதை 1950களில் ஹவாய்ப் பூச்சியியலாளர்கள் ஆராய்ந்தனர். வேலிப்புதர் இருக்கும் கொல்லையில் செம்போத்து வரும். வேலியை வெட்டி மதில் எழுப்பிய பின் வருவதில்லை.

இரசாயன மருந்தின் கதை வேறு. 1930களில் மெட்டால்டிஹைடு என்ற பொருள் நத்தையைக் கொல்வது தெரியவந்தது. அதுவரை அது அடுப்பு மூட்டும் திட எரிபொருள் வில்லையாகவே விற்கப்பட்டது. வில்லை கிடந்த இடத்தைச் சுற்றி நத்தைகள் செத்துக் கிடந்ததைத் தற்செயலாகக் கண்டதிலிருந்துதான் இந்த மருந்து பிறந்தது என்பர். இந்தியாவிலும் 2.5 விழுக்காட்டுக் குருணையாக இது பரிந்துரைக்கப்படுகிறது. நத்தையைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தவிட்டு வாசனை கொண்ட அக்குருணையை நாயும் கோழியும் பறவையும் தின்றால் அவற்றுக்கும் நஞ்சுதான். பிரிட்டனில் இதைத் திறந்த வெளியில் பயன்படுத்துவது 2022 மார்ச் இறுதியோடு தடைசெய்யப்பட்டது. கோழி மேய்கின்ற, குழந்தை தவழ்கின்ற கொல்லையில் இதற்கு இடமில்லை என்று துணிந்து சொல்லலாம். ஈயமோ தாமிரமோ அல்லாத இரும்பு பாஸ்பேட் கலந்த குருணை அதற்கு மாற்றாக 1990களில் வந்தது. அதன் தீங்கு ஒப்பளவில் குறைவு.

எலி, நத்தை, கீரை

காய்கறி இழப்பைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. 1935இல் சீனாவின் காண்டன் நகரில் எலிகளின் நுரையீரலில் ஒரு மெல்லிய புழு கண்டுபிடிக்கப்பட்டது. எலியின் எச்சத்தோடு வெளியேறும் அப்புழுவின் இளம்பருவம் நத்தைக்குள் புகுந்து வளர்கிறது. நத்தையை எலி தின்ன, சுற்று முழுமை பெறுகிறது. இடையில் மனிதர் குறுக்கிட்டால் புழு வழிதவறி மூளையைச் சுற்றியுள்ள உறைக்குச் சென்று மூளையுறை அழற்சியை உண்டாக்கும். 1945இல் தைவானில் முதல் மனித நோயாளி பதிவானார். அண்டை மாநிலமான கேரளத்தில் குழந்தைகளுக்கு இந்நோய் கண்டது மருத்துவ இதழ்களில் வெளிவந்துள்ளது.

இந்தப் புழுவைச் சுமப்பது பெருநத்தை மட்டுமன்று. சிறிய நத்தை, ஓடில்லா நத்தை, நீர்நத்தை எதுவும் சுமக்கலாம். ஆகவே கொல்லையில் பறித்த கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் நன்றாகக் கழுவவேண்டும். சுண்டுவிரல் நகத்தளவு நத்தைக்குஞ்சு கீரைக்கட்டில் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தப்பிவிடும். நன்றாக வேகவைத்தால் புழு இறந்துவிடும் என்பதால் நம் சமையல்முறை பெரும் காப்பு. பச்சையாக உண்ணும் வெள்ளரிப்பிஞ்சு, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். மூலநோய்க்கென்று நத்தை உண்ணும் வழக்கமுள்ள இடங்களில் அரைவேக்காடு கூடாது. பெருநத்தையை அதற்குப் பயன்படுத்தவே கூடாது. குழந்தைகள் விளையாட்டாக நத்தையைப் பிடிப்பதையும் தடுக்கவேண்டும்.

பாட்டி வைத்தியமும் சோதனையும்

கேரளத்தில் இந்நத்தை 1970களில் பாலக்காடு மாவட்டத்து எலப்புள்ளிப் பகுதியில் தொல்லையாக அறியப்பட்டது. பின் பல ஆண்டுகள் அடங்கியிருந்து, 2005 வாக்கில் பத்தனம்திட்டா மாவட்டம் கோன்னியில் பெருகி, தொடர்ந்து மற்ற மாவட்டங்களிலும் பரவியது. திருச்சூரை அடுத்த பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களைக் கொண்டே இதைக் கட்டுப்படுத்தும் முறையைப் பரப்பியது. முறை எளியது. நனைத்த சாக்கில் முட்டைக்கோசு இலையோ பப்பாளி இலையோ வைத்து மாலையில் கொல்லையில் போட்டுவிட வேண்டும். மோப்பம் பிடித்து வரும் நத்தைகள் அதனடியில் கூடும். பிறகு அவற்றைத் திரட்டி அழிக்க வேண்டும். புகையிலை 25 கிராமை ஒன்றரை லிட்டர் நீரில் ஒரு லிட்டராகக் காய்ச்சி, ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் மயில்துத்தம் கரைத்துச் சேர்த்த கரைசலைத் திரண்ட நத்தைகள்மேல் தெளிப்பதும் அந்நிறுவனம் கூறிய வழி. இக்கரைசலை உண்ணும் கீரைமேல் தெளிக்கலாகாது.

இதற்கு மாறாக, செடியைச் சுற்றி வேலி போடும் முறைகள் பலரால் சொல்லப்படுகின்றன. சாம்பல், முட்டையோடு, மணல், தாமிரத் தகடு எனப் பட்டியல் நீளும். பிரிட்டனின் அரச தோட்டக்கலைக் கழகம் தாமிரப் பட்டை, முட்டையோடு, சரளை, மரப்பட்டைத் தூள், கம்பளிக் குருணை ஆகிய ஐந்தையும் கீரைச் செடிகளைச் சுற்றியிட்டுச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. தடுப்பு இட்ட செடிக்கும் இடாத செடிக்கும் கடிபட்டதில் வேறுபாடு இல்லை. சாம்பலை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. ஆனால் உலர்ந்திருக்கும்வரைதான் சாம்பல் நத்தையைத் தடுக்கும் என்பது அதைப் பயன்படுத்தியவர் அனைவரும் அறிந்தது. ஐப்பசி மழையில் அது அரைமணி நேரம் நிற்காது. முட்டையோட்டிலும் சுண்ணாம்பிலும் இன்னொரு வேடிக்கை உண்டு. ஓடு கட்டுவதற்குக் கால்சியம் தேவைப்படும் பெருநத்தை, வெள்ளையடித்த சுவரில் ஏறிச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும். அதைத் தடுக்கவென்று முட்டையோடு தூவுகிறவர் அதற்கு விருந்து வைக்கிறார்.

உப்பைச் செடியடியில் தூவுவதும் தவறு. நத்தை சாகும், மண்ணும் கெடும். உப்புக்கரைசலை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, பொறுக்கிய நத்தையை அதில் போடுவதே முறை.

கொல்லையில் செய்யத்தக்கவை

இத்தனை நாடுகளின் அனுபவத்திலும் சோதித்து நிலைத்தது கையால் பொறுக்குவதுதான். அதற்குக் காலம் பார்க்க வேண்டும். ஆவுடையார்கோவில் போன்ற ஊர்களில் மழை தொடங்கும்முன், புரட்டாசியிலேயே, செங்கல் அடுக்கு, தென்னைமட்டைக் குவியல், பழைய ஓட்டுக் குவியல், வைக்கோல்போரின் அடி ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்தால், வாயடைத்து உறங்கும் நத்தைகள் கொத்தாகக் கிடைக்கும். மழை விழுந்து அவை கலைந்துபோன பிறகு பத்து மடங்கு உழைப்பு வேண்டும். முதல் மழைக்குப் பின் வரும் இரவுகளில், எட்டு மணிக்குமேல், டார்ச் விளக்கோடு சுற்றிப் பொறுக்கவேண்டும். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். பாத்தியைக் கொத்தும்போது மேல்மண்ணில் மிளகைவிடச் சற்றே பெரிய, வெளிர்மஞ்சள் முட்டைகள் குவியலாகத் தென்பட்டால் அவற்றையும் எடுத்து உப்புநீரில் போடவேண்டும். ஒரு குவியலை எடுப்பது நூறு நத்தையைப் பொறுக்குவதற்குச் சமம். செத்தவற்றை ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். எலி அண்டும்படி குப்பையில் எறிந்தால், மேலே சொன்ன புழுவின் சுற்று தொடரும்.

மாலையில் நீர் ஊற்றும் பழக்கத்தைக் காலைக்கு மாற்றினால் இரவில் பாத்தி காய்ந்திருக்கும். நத்தைக்கு நடமாட்டம் குறையும். கீரை விதையைப் பாத்தியில் நேரே தூவாமல், காய்கறி நாற்றுகளை உயரமான மேடையிலோ தொட்டியிலோ வளர்த்து, நான்கைந்து இலை விட்டபின் நடுவதும் உதவும். முற்றிய தண்டை நத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. நாற்றங்கால் மண்ணும் தொட்டிச் செடியும் வெளியிலிருந்து வாங்கி வரும்போது தொட்டியின் அடித்துளையைத் தட்டிப் பார்க்கவேண்டும். சௌரங்கிக்கும் மயாமிக்கும் மனிதர் கையில் வந்த நத்தை, கொல்லைக்குள் வருவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஒரு வீட்டில் மட்டும் பொறுக்கினால் பக்கத்துக் கொல்லையிலிருந்து மறுவாரமே வந்து சேரும். தெருவே சேர்ந்து, தொடர்ந்து மூன்று நான்கு இரவுகள் பொறுக்கினால்தான் அந்த மழைக்காலத்தில் கீரை மிஞ்சும். அப்படிப் பொறுக்கும்போது தட்டை ஓட்டுச் சிறுநத்தைகளை எல்லாம் கண்மூடிக் கொல்ல வேண்டியதில்லை. அவற்றில் பல, உதிர்ந்த இலையையும் அழுகிய தழையையும் தின்று மண்ணுக்கு உரமாக்குபவை. பாத்திக்குள் ஏறியவற்றை மட்டும் எடுத்து, மற்றவற்றை வேலியோரம் விட்டுவிடலாம்; செம்போத்துக்கு இரை வேண்டுமே.